‘த நட்கிராக்கர் அண்ட் த ஃபோர் ரெல்ம்ஸ்’: அழகு இவ்வளவு இருந்தும் மனசு ஏன் நிறையவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் வந்தால் குழந்தைகளோடு பார்க்க ஒரு படம் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். பேச்சு எப்படியோ டிஸ்னியின் இந்த 2018 படத்தில் வந்து நிற்கும். பார்த்தவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள், பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் என எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முடிவு வரை கதையைப் பேசியிருக்கிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நட்கிராக்கர்னா அந்த பாலே நடனம்தானே? அதையே படமா எடுத்திருக்காங்களா?

இல்லை. பாலேயின் இசையும் சில பாத்திரங்களும் வருகின்றன, ஆனால் கதை புதிது. முதலில் 1816-ல் ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மன் ஒரு நீள்கதை எழுதினார். கிறிஸ்துமஸ் இரவில் ஒரு சிறுமிக்கு மர பொம்மை ஒன்று கிடைக்கிறது. கொட்டைகளை வாயில் வைத்துக் கடித்து உடைக்கும் பொம்மை; அதைத்தான் நட்கிராக்கர் என்கிறார்கள். பிறகு பிரான்ஸில் அலெக்சாந்தர் டூமா அதைத் தன் பாணியில் திருப்பிச் சொன்னார். அந்தக் கதையை வைத்துத்தான் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி இசையமைத்த பாலே உருவாகி, 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மாரின்ஸ்கி அரங்கில் மேடையேறியது.

டிஸ்னி படம் இந்த வரிசையில் நான்காவது கை. பாலே நடனமாக வருவது படத்தின் நடுவே ஒரு காட்சியும், கடைசியில் பெயர்கள் ஓடும்போது வருவதும்தான்.

கதையைச் சுருக்கமா சொல்லிடுங்க.

விக்டோரியா காலத்து லண்டன். அம்மா மேரி இறந்தபின் வரும் முதல் கிறிஸ்துமஸ். அம்மா விட்டுப்போன பரிசுகளை அப்பா பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். மூத்தவளுக்கு அம்மாவின் உடுப்பு, தம்பிக்குப் பொம்மைச் சிப்பாய்கள், நடுப்பிள்ளை கிளாராவுக்குப் பூட்டிய முட்டை வடிவப் பெட்டி. சாவி இல்லை. உனக்கு வேண்டியதெல்லாம் உள்ளே இருக்கிறது என்று ஒரு சீட்டு மட்டும் இருக்கிறது. சாவியைத் தேடிப் போகும் கிளாரா ஞானத்தகப்பன் டிராசல்மையரின் மாளிகையிலிருந்து இன்னொரு உலகத்துக்குள் நுழைந்துவிடுகிறாள்.

அங்கே பூக்கள், பனி, இனிப்பு என்று மூன்று தேசங்கள், இவற்றோடு பகைத்து ஒதுங்கி நிற்கும் நான்காவது தேசம். அந்த உலகத்துக்கு அவள் அம்மாதான் அரசியாக இருந்திருக்கிறாள். பொம்மைகளுக்கு உயிர் கொடுக்கும் எந்திரத்தைச் செய்ததும் அவளே. நல்லவளாகத் தெரிந்த இனிப்பு தேசத்துச் சுகர் பிளம்தான் வில்லி, கெட்டவளாகத் தெரிந்த நான்காவது தேசத்து மதர் ஜிஞ்சர் நல்லவள். கிளாரா சுகர் பிளம்மைத் தோற்கடிக்கிறாள், முட்டைக்குள் இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அம்மாவின் சீட்டைப் புரிந்துகொள்கிறாள், வீடு திரும்பி அப்பாவோடு நடனமாடுகிறாள்.

எத்தனை வயசுப் பிள்ளைங்களுக்குக் காட்டலாம்? பயமா இருக்குமா?

ஏழு, எட்டு வயதுக்கு மேல் என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு இடங்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கலாம். ஆயிரக்கணக்கான எலிகள் சேர்ந்து ஒரே பெரிய உருவமாக எழுந்து நிற்கும் எலி ராஜா ஒன்று. மதர் ஜிஞ்சரின் இருட்டுக் கூடாரத்தில், ஒருவர் வயிற்றுக்குள்ளிருந்து இன்னொருவராக வெளியே வரும் கோமாளிகள் இன்னொன்று. ரத்தம், கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. ஓடும் நேரம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்.

பார்க்க அவ்வளவு அழகா இருக்கே. அப்புறம் என்ன குறை?

அழகில் ஒரு குறையும் இல்லை, அதை மனதாரச் சொல்கிறேன். ஒளிப்பதிவாளர் லினஸ் சாண்ட்கிரென் ஆஸ்கர் வாங்கியவர், உடைகளை வடிவமைத்த ஜென்னி பீவனும் அப்படியே. பனி தேசத்து அரசரின் முகத்தில் தொங்கும் பனித்துகள்கள், சுகர் பிளம்மின் பஞ்சுமிட்டாய்க் கூந்தல், அதிலிருந்து பேச்சுவாக்கில் ஒரு துணுக்கைப் பிய்த்து அவள் வாயில் போட்டுக்கொள்வது எல்லாமே ஆசையாகச் செய்த வேலை. பாலே கலைஞர் மிஸ்டி கோப்லாண்ட் ஆடும் காட்சியில் இசை நடத்துநர் நிழலுருவமாக நிற்பதைப் பார்த்தால், இதே இசையைப் பயன்படுத்திய டிஸ்னியின் 1940 படம் ‘ஃபேன்டேசியா’ நினைவுக்கு வரும். அந்த நிழல் குஸ்தாவோ டுடாமெல்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. படம் எல்லாவற்றையும் காட்டுகிறது, எதனோடும் நிற்பதில்லை. ஓர் அறையைக் கண்ணால் முழுதாகப் பார்ப்பதற்குள் அடுத்த அறை வந்துவிடுகிறது. ஒரு மனிதரைத் தெரிந்துகொள்வதற்குள் அவர் கதையில் தன் வேலையை முடித்துவிடுகிறார். பூ தேசத்தையும் பனி தேசத்தையும் ஆளும் இருவரும் படம் முழுக்க வருகிறார்கள். அவர்களுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டால் உடை தவிர எதுவும் ஞாபகம் வராது.

அம்மா இறந்துபோன கதைங்க இது. அதுலயே உணர்ச்சி இருக்கே, உங்களுக்கு ஏன் ஒட்டலை?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். அம்மா இறந்தாள் என்பது ஒரு தகவல். அந்த அம்மா யார் என்று தெரிந்தால்தான் அது இழப்பு. மேரி எப்படிச் சிரிப்பாள், கிளாராவை என்ன செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், இருவரும் சேர்ந்து எதை உடைத்து எதைச் சரிசெய்தார்கள்? நமக்குத் தெரியாது. அவள் பெரும்பாலும் மற்றவர்களின் பேச்சில்தான் வருகிறாள். புத்திசாலி, அன்பானவள், நல்ல அரசி என்று எல்லோரும் புகழ்கிறார்கள்.

இத்தனைக்கும் நல்ல விதைகள் ஆரம்பத்திலேயே கிடக்கின்றன. கிளாரா தம்பிக்காகக் கப்பி, எடை, பலூன் என்று வைத்து ஒரு விசித்திரமான எலிப்பொறி செய்கிறாள். கையால் எதையாவது செய்துகொண்டிருந்தால்தான் அவளால் அந்த வீட்டில் இருக்க முடிகிறது என்று நாம் ஊகிக்கலாம். அம்மாவிடமிருந்து வந்த பழக்கம் அது. அந்த உடுப்பையும் பாருங்கள். இறந்தவரின் புடவையை மகள் முதல்முறை கட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது ஒரு வீடு என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அப்பா, மூன்று பிள்ளைகள், ஒரு உடுப்பு. இதை மட்டும் வைத்துப் பத்து நிமிடம் எடுக்கலாம். படம் விருந்துக்குக் கிளம்பிவிடுகிறது.

அழுதாத்தான் நல்ல படமா? குழந்தைங்க படத்துக்கு எதுக்குச் சோகம்?

அழ வைக்க வேண்டியதில்லை. சோகமே இல்லாத அருமையான குழந்தைகள் படங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் இந்தப் படம் தானே விரும்பித் துக்கத்தைத் தன் தொடக்கமாக வைத்துக்கொண்டது. பாலேயில் அம்மா உயிரோடு இருக்கிறாள், ஹாஃப்மன் கதையிலும் அப்படித்தான். தாயை இழந்த பிள்ளை என்பது இந்தப் படம் புதிதாகச் சேர்த்தது. சேர்த்தபின் அதைக் கவனித்திருக்க வேண்டும். அது நியாயமான எதிர்பார்ப்புதான்.

ரெண்டு டைரக்டர் பேரு போடுறாங்களே, அதனாலதான் கெட்டுப்போச்சா?

முதலில் இயக்கியவர் லாஸ்ஸே ஹால்ஸ்ட்ராம். பிறகு ஒரு மாதம் போலக் கூடுதல் படப்பிடிப்பு தேவைப்பட்டது. அதை ஜோ ஜான்ஸ்டன் எடுத்தார். இருவர் பெயரும் போட்டார்கள். ஜான்ஸ்டன் ‘ஜுமான்ஜி’ எடுத்தவர், சாகசமும் கிராஃபிக்ஸும் அவருக்குக் கைவந்த வேலை. எந்தக் காட்சி யாருடையது என்று வெளியிலிருந்து பிரிக்க முடியாது, அப்படிப் பிரித்து ஒருவர்மேல் பழி போடுவதும் சரியில்லை.

என்னை வருத்துவது வேறு. தாயை இழக்கும் பிள்ளையைப் பற்றி உலகத்திலேயே மிக நல்ல படங்களில் ஒன்றை எடுத்தவர் இதே ஹால்ஸ்ட்ராம். 1985-ல் ஸ்வீடனில் அவர் எடுத்த ‘மை லைஃப் அஸ் எ டாக்’. இங்கமார் என்ற சிறுவனின் அம்மா காசநோயில் கிடக்கிறாள். அவனைக் கிராமத்து மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 1957-ல் சோவியத் விஞ்ஞானிகள் விண்வெளிக்கு அனுப்பிய லைக்கா என்ற நாயை அவன் அடிக்கடி நினைத்துக்கொள்கிறான். திரும்பி வர வழியே இல்லாமல் அனுப்பப்பட்ட நாய் அது. அதைவிட நம் நிலைமை பரவாயில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான். கடற்கரையில் அம்மாவைச் சிரிக்க வைத்த ஒரு நினைவு திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சிரிப்பை நாம் பார்த்திருப்பதால் அவள் போனபோது நமக்கும் போய்விடுகிறது. சின்னக் கிராமம், சாதாரண வீடுகள், கிராஃபிக்ஸ் எதுவும் கிடையாது. அதே மனிதரின் கையில் பெரும் பணமும் பெரிய நடிகர்களும் கிடைத்தபோது மேரிக்கு அப்படி ஒரு சிரிப்புகூடக் கிடைக்கவில்லை.

கீரா நைட்லி மட்டும் நல்லா பண்ணியிருக்காங்கன்னு சொல்றாங்க. உண்மையா?

உண்மை. சுகர் பிளம்மாக, கீச்சுக்குரலில், துள்ளிக்கொண்டு, படத்திலேயே உயிரோடு இருப்பது அவர்தான். ஆனால் நடிப்பைவிட அந்தப் பாத்திரத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

சுகர் பிளம் ஒரு பொம்மை. மேரி என்ற சிறுமி அவளுக்கு உயிர் கொடுத்தாள், நேசித்தாள், வளர்ந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். திரும்பி வரவேயில்லை. கிளாராவுக்கு நடந்ததும் அதேதான்: மேரி நேசித்தாள், போய்விட்டாள். ஒரே பெண்ணை இழந்த இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருத்தி மகள், இன்னொருத்தி அவள் உண்டாக்கிய பொம்மை. “என்னை ஏன் விட்டுவிட்டுப் போனாள்?” என்பதுதான் இருவர் மனதிலும் இருக்கும் கேள்வி. முழுப் படத்தின் இதயமும் இங்கே இருக்கிறது. இருவரும் ஒருமுறை உட்கார்ந்து மேரியைப் பற்றிப் பேசியிருந்தால் போதும், அரங்கமே கலங்கியிருக்கும்.

படம் என்ன செய்கிறது? அந்த வலியை வில்லித்தனத்துக்கான காரணமாக இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு, தகரச் சிப்பாய்களின் சண்டைக்குப் போய்விடுகிறது. கிளாரா எந்திரத்தைச் சாமர்த்தியமாகத் திருப்பிவிட, சுகர் பிளம் மறுபடி உயிரற்ற பீங்கான் பொம்மையாகிறாள். அம்மா உயிர் கொடுத்த ஒருத்தியின் உயிரை மகள் எடுக்கிறாள். கிளாரா அந்தப் பொம்மையைக் கையில் எடுத்து ஒரு கணம் பார்த்தாளா, அம்மா செய்தது என்று நினைத்தாளா? அதற்குப் படத்தில் இடமே இல்லை. இந்தப் படத்தின் வெறுமையை ஒரே இடத்தில் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மூலக்கதையே ஒரு மாயாஜாலக் கதைதானே? அதுல மட்டும் என்ன ஆழம் இருந்துச்சு?

ஹாஃப்மன் கதையில் எலி ராஜாவுக்கு ஏழு தலை. அது இரவில் வந்து சிறுமியை மிரட்டுகிறது: உன் இனிப்புகளைக் கொடு, இல்லையென்றால் உன் நட்கிராக்கரைக் கடித்துக் குதறிவிடுவேன் என்கிறது. அவள் கொடுக்கிறாள். மறுபடி வந்து அவள் ஆசையாய்ச் சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரைப் பொம்மைகளைக் கேட்கிறது. அழுதுகொண்டே அவற்றையும் கொடுக்கிறாள். பெரியவர்களிடம் சொன்னால் கனவு கண்டிருக்கிறாய் என்கிறார்கள். யாரும் நம்பாத நிலையில், தான் ஆசைப்பட்ட ஒவ்வொன்றையும் ஒரு மர பொம்மைக்காக விட்டுக்கொடுக்கும் ஏழு வயதுப் பிள்ளை. அன்பு என்று அவள் எங்கும் சொல்வதில்லை, நமக்குப் புரிந்துவிடுகிறது.

கிளாரா எதை விட்டுக்கொடுத்தாள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த உலகத்துக்குள் வந்தவுடன் இளவரசி என்று வணங்குகிறார்கள், புது உடை வருகிறது, காவலுக்கு நட்கிராக்கர் சிப்பாய் ஃபிலிப் வருகிறான். அவள் தைரியசாலி, கெட்டிக்காரி, எல்லாம் சரி. ஆனால் அவளுக்கு எதுவும் வலிக்கவில்லை.

பாலேலயும் ரெண்டாம் பாதியில கதையே கிடையாதே, வெறும் ஆட்டம்தான். அதை மட்டும் நூறு வருஷமா கொண்டாடுறாங்க?

நல்ல கேள்வி, பதிலும் அவ்வளவு எளிதில்லை. 1892-ல் முதல்முறை ஆடியபோதே விமர்சகர்கள் இதைத்தான் சொன்னார்கள்: பகட்டு இருக்கிறது, சாரம் இல்லை, மேடை முழுக்கக் குழந்தைகள். அந்தப் பாலே உடனே வெற்றி பெற்றுவிடவில்லை. 1954-ல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்சின் அமைத்த வடிவத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவில் அது கிறிஸ்துமஸ் வழக்கமாக வேரூன்றியது.

இரண்டு விஷயம் அதைக் காப்பாற்றுகிறது. முதல் பாதியில் தம்பி நட்கிராக்கரை உடைத்துவிடுகிறான். கிளாரா அதற்குத் துணி சுற்றி, படுக்க வைத்துத் தூங்கப் பண்ணுகிறாள், நள்ளிரவில் எழுந்து பார்க்க வருகிறாள். அந்தச் சின்ன அக்கறை இருப்பதால்தான் பின்னால் வரும் இனிப்பு தேசம் அவளுக்குக் கிடைத்த பரிசாகத் தெரிகிறது. இன்னொன்று இசை. இதை எழுதிக்கொண்டிருந்த 1891-ல்தான் சாய்கோவ்ஸ்கியின் தங்கை அலெக்சாந்திரா இறந்தாள். கடைசி ஜோடி நடனத்தின் இசையைக் கேளுங்கள். மேலிருந்து கீழே படியிறங்கும் வெறும் ஸ்வர வரிசைதான். ஆனால் கொண்டாட்டத்தின் நடுவே எதற்கு நெஞ்சு அடைக்கிறது என்று புரியாது. தங்கையின் சாவுதான் அதற்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அந்த இசைக்குள் துக்கம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். படம் இதே இசையை வைத்திருக்கிறது. அதற்கு மேல் வசனம் பேசிக்கொண்டே போகிறது.

‘உனக்கு வேண்டியது எல்லாம் உனக்குள்ளயே இருக்கு’ங்கிறது நல்ல கருத்துதானே? பெண் குழந்தைக்குத் தன்னம்பிக்கை வருமே?

தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு, மேடை ஏறப் பயப்படும் பிள்ளைக்கு நல்ல கருத்து. கணக்கும் எந்திரமும் தெரிந்த பெண் பிள்ளையைக் கதாநாயகியாக்கியதையும் நான் மதிக்கிறேன்.

ஆனால் கிளாரா கேட்டது தன்னம்பிக்கையை இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அம்மா. அம்மா அவளுக்குள் இல்லை, போய்விட்டாள். தாயை இழந்த பிள்ளையிடம் உனக்கு நீயே போதும் என்று சொன்னால், இனி அழாதே என்று சொன்ன மாதிரிதான் அந்தப் பிள்ளைக்குக் கேட்கும். முட்டையைச் சாவி போட்டுத் திறந்ததும் அது வெறும் இசைப்பெட்டி என்று தெரிந்து கிளாரா முகம் வாடுகிற இடம் இருக்கிறதே, அதுதான் படத்தில் எனக்கு நிஜமாகப் பட்ட கணம். அம்மாவின் குரலை எதிர்பார்த்துத் திறந்திருக்கிறாள். அந்த ஏமாற்றத்தோடு அவளை இன்னும் கொஞ்சம் இருக்க விட்டிருக்கலாம். கடைசியில் அதே இசைக்கு அப்பாவோடு ஆடுகிறாள். எனக்கு வேண்டிய பதில் அங்கே இருக்கிறது: அம்மாவை இழந்த இன்னொருவர் வீட்டிலேயே இருக்கிறார், அவரோடு சேர்ந்து அழலாம். படம் கண்ணாடியைப் பெரிதாகக் காட்டிவிட்டு இதை அவசரமாக முடித்துவிட்டது.

அப்போ வீட்ல ஒருத்தரைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இதைக் காட்டக் கூடாதா?

காட்டலாம், தனியாகப் பார்க்க விட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, மேலே சொன்ன இசைப்பெட்டிக் காட்சியில் நிறுத்தி, “அவளுக்கு என்ன கிடைக்கும்னு நினைச்சா?” என்று கேளுங்கள். பிள்ளை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம்.

என் பொண்ணுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. திரும்பத் திரும்பப் பார்க்கிறா. நல்லா இல்லைன்னு சொல்லிடவா?

சொல்லாதீர்கள். பஞ்சுமிட்டாய்க் கூந்தலையும் பூ தேசத்தையும் பார்த்து ஒரு பிள்ளை மகிழ்வது உண்மையான மகிழ்ச்சி. வெறுமையாக விட்ட இடங்களைப் பிள்ளைகள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். சுகர் பிளம் அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்டுப் பாருங்கள். இயக்குநர்கள் யோசிக்காத ஒரு முடிவை உங்கள் மகள் சொல்லக்கூடும்.

போட்ட பணமாவது வந்துச்சா?

தயாரிப்புச் செலவு சுமார் 12 கோடி டாலர், உலக வசூல் சுமார் 17 கோடி. விளம்பரச் செலவு தனி, வசூலில் தியேட்டர்களின் பங்கும் போக வேண்டும். நஷ்டப் படம்தான்.

பதிலுக்கு என்ன பார்க்கலாம்? ஒண்ணு சொல்லுங்க போதும்.

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் அனிமேஷன் படம் ‘மை நெய்பர் டோட்டோரோ’, 1988. அதிலும் அம்மா வீட்டில் இல்லை, மருத்துவமனையில் இருக்கிறாள். அதிலும் மாய உலகம் உண்டு. சண்டையும் வில்லனும் கிடையாது. பொறுப்பாக எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருந்த மூத்தவள் சட்சுகி, அம்மாவைப் பற்றி மருத்துவமனையிலிருந்து தந்தி வந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி முன்னால் உடைந்து அழுகிறாள். அதைப் பார்த்த தங்கை மெய், அம்மாவுக்குக் கொடுக்க ஒரு மக்காச்சோளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தனியாக மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுகிறாள். ‘மை லைஃப் அஸ் எ டாக்’ இன்னும் ஆழமானது. ஆனால் அதில் சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தாத காட்சிகள் உண்டு, பெரியவர்கள் பாருங்கள்.

முழுப் படமும் வேண்டாம், நல்ல இடம் மட்டும் பார்க்கலாமா?

தாராளமாக. கிளாராவுக்கு அந்த உலகத்தின் வரலாற்றைச் சொல்லும் பாலே காட்சியைப் பாருங்கள். அப்புறம் நேராகக் கடைசிக்குப் போய், பெயர்கள் ஓடும்போது மிஸ்டி கோப்லாண்டும் செர்கே பொலூனினும் ஆடுவதைப் பாருங்கள். இரண்டு உடல்கள், சாய்கோவ்ஸ்கியின் இசை, வசனம் இல்லை. பலர் அதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள்.